அடுத்தவர் சீட்டு

"பின்னாடி வெட்டு. காலர்லேர்ந்து கீழ வரைக்கும் ஒரே வெட்டு. முன்னாடி பட்டன் போட்டபடியே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

மூத்தவள் கத்தரிக்கோலைக் காலருக்குள் நுழைத்தாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. தேய்த்து மடித்து வைத்திருந்தது. அப்பாவின் கைகள் இரண்டும் விறைத்துவிட்டதால் போட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேணாங்க, போர்வையே போதும்" என்று விலகிக்கொண்டார்கள். அம்மா தையல்காரி; அந்த வீட்டில் இதற்கு வழி இல்லாமல் போகுமா? முதுகுப் பக்கம் வெட்டிவிட்டால் முன்னாலிருந்து ஒவ்வொரு கையாக ஏற்றி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிடலாம். பார்க்கிறவர்களுக்கு முழுச் சட்டைதான்.

"கோணலாப் போகுது பாரு."

"யாரும்மா திருப்பிப் பார்க்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியும்ல."

அப்பா மோட்டார்க் கடைக்காரர். எரிந்துபோன மோட்டார், மின்விசிறி, தண்ணீர் பம்ப், எது வந்தாலும் கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் காயில் கட்டித் தருவார். தெருவுக்கு அவர் 'காயில்காரர்'. முந்தின நாள் சாயந்திரம் பாதி கட்டிய காயிலை மடியில் வைத்தபடி நாற்காலியிலேயே போய்விட்டார். எதிர்க்கடைக்காரர், மனுஷன் அசந்து தூங்குகிறார் என்று நினைத்து அரை மணி நேரம் தன் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்திருந்தாராம். அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

மூத்தவள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து நாலு மணி நேரம் பயணம் செய்து வந்து இறங்கினாள். அவள் அப்பாவோடு பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருப்பது வேறு; முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்காவது எதிரே ஆள் வேண்டும். இவள் அதைக்கூட மிச்சம் வைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அம்மாவைப் பார்க்க வருவாள். அவர் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து, அவர் திரும்புவதற்குள் கிளம்பிவிடுவாள். எந்த நேரம் தோது என்று அம்மாதான் போனில் சொல்வாள்.

சட்டையைப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அத்தை, அப்பாவின் அக்கா, யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு அவ கண்ணுல. பெத்தவன் கிடக்கிறான், இவ என்னவோ துணிக்கடைப் பொம்மைக்குச் சட்டை மாட்டுற மாதிரி மாட்டுறா. கல்லுளிமங்கி."

'உனக்கென்ன தெரியும் அத்தை' என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். செத்த வீட்டில் வைத்துச் சொல்கிற விஷயமா அது? உன் தம்பி பெத்த பிள்ளையின் கையைத் தண்ணீரில் விட்டவர், அதை அவர் வாயாலேயே நான் கேட்டேன் என்றா சொல்வது?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் தெருவில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர். எதிர்வீட்டு மாடிக்குக் கயிறு கட்டி ஒவ்வொரு குடும்பமாகக் கடந்தார்கள். அப்பா முன்னால், அம்மா பின்னால், நடுவில் சின்னவள். எட்டு வயசு. ஆளுக்கு ஒரு கையில் கயிறு, மறு கையில் பிள்ளை. மாடிப்படியில் கால் வைத்தபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். அந்தத் தெருவில் மட்டும் அன்றைக்குப் பதினொரு பேர் போனார்கள். அதில் நாலு குழந்தைகள். மூத்தவள் அப்போதுதான் வெளியூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவள் ஓடி வந்தபோது "தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு" என்றார்கள். தண்ணீரிடம் போய் யார் என்ன கேட்பது? அவளும் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து நாடகக்காரம்மா வந்தார். அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் போர்வையும் பாத்திரமும் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த அம்மா கையை வீசிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, "வாரத்துக்கு ரெண்டு நாள் வாங்க, நாடகம் போடலாம்" என்றார். தெரு வயிறு வலிக்கச் சிரித்தது. "வீடு வாசல் போனவனுக்கு வேஷம் கட்டுறது ஒண்ணுதான் குறைச்சல்" என்றாள் அத்தை. முதல் வாரம் மூன்று பேர் போனார்கள். மூன்றாம் வாரம் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டார்கள். அதில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு.

வெள்ளத்துக்கு அப்புறம் அப்பா தூங்குவதை மறந்துபோயிருந்தார். கடைக்குப் போவார், உட்கார்ந்திருப்பார், வருவார். நாடகத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் மூத்தவளுக்கு அவரே போன் செய்தார். "இன்னைக்கு எங்களையெல்லாம் மரம் மாதிரி நிக்கச் சொன்னாங்க. எனக்கு மரம் வரல. மோட்டார் மாதிரி நின்னேன். அதுவும் எரிஞ்சுபோன மோட்டார்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவர் சிரித்து அவள் கேட்டது அன்றைக்குத்தான். போனை வைத்துவிட்டு அவள் நிம்மதியாக அழுதாள்.

மூன்றாம் மாதம் தெருவுக்கே நாடகம் போட்டார்கள். "நீ வந்துடு. முன்வரிசையில நாற்காலி போட்டு வெக்கிறேன்" என்றார் அப்பா. பஸ் வழியில் நின்றுவிட்டது. அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்து சேர்ந்தபோது ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரை ஒட்டி நின்றாள். மேடையில் அப்பா தனியாக வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு கையில கயிறு. ஒரு கையில பிள்ளை. கை வலிச்சுது. விட்டுட்டேன். கயித்தை விடல, பிள்ளைய விட்டுட்டேன். தண்ணி இழுத்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தண்ணி இழுக்கல. நான்தான் விட்டேன்" என்றார்.

அதற்கு மேல் அவள் அங்கே நிற்கவில்லை. நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய் அங்கிருந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தபோது பின்னால் கைதட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. "அவரே சொல்லிட்டாரும்மா. தங்கச்சிய விட்டுட்டேன்னு அவர் வாயாலயே சொல்லிட்டாரு. இந்த ஜென்மத்துல இனி அவர் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று கத்தினாள். அம்மா, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

அன்றோடு சரி. இடையில் ஒரே ஒரு தடவை, மூன்று வருஷம் கழித்துக் கோடை தொடங்கும்போது, அப்பா அவள் தங்கியிருந்த வீட்டுக்கு வந்தார். கையில் மேஜை மின்விசிறி ஒன்று. "காயில் புதுசு. சத்தமே வராது" என்றார் வாசலில் நின்றபடி. அவள் கதவைச் சாத்திவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காரணத்தை அம்மா எப்போதோ சொல்லியிருப்பாள், புதிதாகத் தான் வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தாள். படியில் வைத்துவிட்டுப் போன மின்விசிறியை மறுநாள் காவல்காரரிடம் கொடுத்துவிட்டாள். சத்தமே வரவில்லை என்று அவர் ஒரு மாதம் புகழ்ந்துகொண்டிருந்தார்.

இப்போது மணி மூன்றரை இருக்கும். அப்பாவை எடுத்துப்போகும் வண்டி நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். நாடகக்காரம்மா வந்தார், கூட ஆறு பேர். தலை முழுக்க நரைத்திருந்தது; மற்றபடி அதே துணிப்பை, அதே நடை. பின்னாலேயே ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறடி உயரம், ஒரு காது மந்தம், அதனால் ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார்.

அவர்களைக் கண்டதும் அம்மா எழுந்துவிட்டாள். அதுவரைக்கும் யார் வந்தாலும் அவள் எழவில்லை.

"வண்டி வர்ற நேரம். பார்த்துட்டுக் கிளம்புங்க" என்றாள்.

"அஞ்சு நிமிஷம்தாம்மா. நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியாததா?" என்றார் நாடகக்காரம்மா.

"தெரியும். இன்னைக்கு வேணாம்."

"வீட்டுல வேணாம்னா வேணாம்தான்" என்று நாடகக்காரம்மா ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்தார்.

"வேணாமாமா? ராத்திரி பூரா மனப்பாடம் பண்ணினேனே!" என்றார் தபால்காரர், தன்னளவில் மெதுவாக. வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தையல் அறைக்குள் போய்விட்டாள்.

மூத்தவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் காதில் ஏறவில்லை. ஆறு வருஷமாக இந்த அம்மாளிடம் கேட்க ஒரு கேள்வியைக் கூர் தீட்டி வைத்திருந்தாள். நாடகக்காரம்மா அப்பாவின் காலடியில் பூவை வைத்துவிட்டுத் திரும்பியதும், செருப்பு விடும் நடையில் அவரை மறித்து நிறுத்தினாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பெத்த பிள்ளையக் கைவிட்டதை ஊரைக் கூட்டி வெச்சுச் சொன்னா மனசு ஆறிடும்னு உங்களுக்கு எந்தப் படிப்புல சொல்லிக்குடுத்தாங்க?"

"யாரும்மா கைவிட்டாங்க?"

"எங்கப்பாதான். மேடையேறி நின்னு சொன்னாரே. நான்தான் விட்டேன்னு. இந்தக் காதாலதான் கேட்டேன்."

நாடகக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ எப்ப வந்த?"

"பாதியில வந்தேன். பஸ் நின்னுபோச்சு."

"அடக் கடவுளே" என்றார் அவர். செருப்புகளுக்கு நடுவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அது அவரோடது இல்லம்மா. ஆரம்பிக்கும்போதே பன்னிரண்டு பேரையும் வரிசையா நிக்க வெச்சு அதைத்தான் முதல்ல சொன்னோம். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒண்ண ஆளுக்கொரு சீட்டுல எழுதணும். கையெழுத்துத் தெரியக் கூடாதுன்னு நான் திருப்பி எழுதி டப்பாவுல போட்டுக் குலுக்குவேன். எடுக்கறது அடுத்தவங்க சீட்டு. தன்னோடதே வந்துட்டா திரும்பப் போட்டுடணும். எடுத்ததைத் தன்னோடது மாதிரியே சொல்லணும். நம்ம பாரத்தை இன்னொரு ஆள் தூக்கிட்டு நடக்கறதை நாம ஓரமா நின்னு பார்க்கணும். எங்க வேலையே அதுதாம்மா. தெருவுக்கே தெரியுமே இது. உனக்கு ஒருத்தர்கூடவா சொல்லல?"

"தெருவுல நான் யாரையும் கேக்கல. வீட்டுலதான் சொன்னேன்."

சொல்லும்போதே அவள் பார்வை தையல் அறைப் பக்கம் போனது.

நாடகக்காரம்மா அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே போனார். "உங்கப்பா மாதிரி ஒரு ஆள் எங்களுக்குக் கிடைச்சதில்ல. என்ன பிரயோஜனம்? அந்த ஒரு நாளோட நின்னுட்டாரு. நாலு தடவை கடைக்குப் போய்க் கேட்டேன். 'பொண்ணுக்குப் பிடிக்கலைங்க. அப்பன் மேடையேறி ஆடுறது அவளுக்குக் கேவலமா இருக்காம்'னாரு. மறுபடி தூக்கமில்லாம ஆகிடுச்சுன்னு எதிர்க்கடைக்காரர் சொல்வாரு. உன்மேல எனக்குக் கோபம்கூட உண்டு, மறைக்கல."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே."

உள்ளே யாரோ யாருக்கோ டீ வேண்டுமா என்று கேட்டார்கள்.

"அவர் சொன்னது யாரோட சீட்டு?"

"எழுதினவங்க உயிரோட இருக்கிற வரைக்கும் அதைச் சொல்றதில்ல."

"அப்ப உயிரோட இருக்காங்க."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று அவசரமாகச் சொன்னார். பிறகு, ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, அவள் கையைப் பிடித்தார். "போனவங்களோடது வேற. ஆள் போற அன்னைக்கு, அவங்க சீட்டைச் சொன்னவர் அவங்க வீட்டுக்கே வந்து இன்னொரு தரம் சொல்லணும். அன்னைக்குத்தான் அது யாரோடதுன்னு ஊருக்குத் தெரியும். எங்க பழக்கம் அது. உங்கப்பா சீட்டைச் சொன்னது தபால்காரர். அவர் முன்னாடியே ஊகிச்சிருக்கலாம்; நான் வாய்விட்டுச் சொன்னது நேத்துதான். உங்கம்மா வேணாங்கறாங்க. நீயும் வேணாம்னா நாங்க போயிடறோம்."

"இருங்க" என்றாள் மூத்தவள்.

தையல் அறையில் அம்மா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தைக்க ஒன்றும் இல்லாமல், பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மூத்தவளைப் பார்த்ததும் கை நின்றது.

"கதவைச் சாத்து."

"எதுக்கு? யாருக்குக் கேக்கக் கூடாது?"

அம்மாவே எழுந்து வந்து சாத்தினாள்.

"உன்னோட சீட்டுதானே அது?"

அம்மா மறுக்கவில்லை. மறுக்க மாட்டாளா என்று ஒரு நொடி ஏங்கினாள் மூத்தவள். இல்லடி, பைத்தியமா உனக்கு, அது வேற யாரோடதோ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

"வலிச்சுதுன்னு எழுதினேன். வலிக்கக்கூட இல்ல. கை மரத்துப் போச்சு. அவரு அந்தப் பக்கம் பிடிச்சுட்டுத்தான் இருந்தாரு. நான் விட்டதும் தண்ணி அவளை ஒரு சுத்து சுத்துச்சு. ஒத்தைக் கையால அவரால முடியல" என்றாள் அம்மா.

"அதை நான் கேக்கலம்மா. அந்தத் தண்ணியில யார் கை வேணாலும் விட்டுப் போகும்."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. இந்தப் பெருந்தன்மை ஆறு வருஷமாக எங்கே போயிருந்தது? அப்பா விஷயத்தில் ஒரு நாளாவது வந்ததா? அவளுக்கு எரிச்சலில் அழுகை முட்டியது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஆறு வருஷம் என்னை அவர்கிட்ட பேச விடாம வெச்சிருந்தியே, அதைத்தான் கேக்கறேன்."

"பேசாதேன்னு நான் சொன்னேனா?"

"பேசுன்னு சொன்னியா? அவர் கடையில இருக்காரு, இப்ப வா. அவர் வர்ற நேரம், நீ கிளம்பு. நல்லா ரயில் நிலையத்துல அறிவிக்கிற மாதிரி நேரம் சொன்னியேம்மா!"

அம்மா மெஷின் பலகையைக் கையால் தடவினாள். அதில் தூசி எதுவும் இல்லை.

"அன்னைக்கு நீ போன்ல கத்தினியே, இந்த ஜென்மத்துல மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. அது நான்தான்டீன்னு சொல்ல வாயைத் திறந்தேன். சாப்பிட்டியான்னு வந்துச்சு. ஒண்ணு தண்ணியில போச்சு. நீயும் போயிட்டா? அவருக்கு நான் இருந்தேன். எனக்கு யாரு இருக்கா? நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நாளாக ஆக அது பெருசாயிட்டே போச்சு."

"அப்பா கேக்கலியா, நான் ஏன் பேசலன்னு?"

"கேட்டாரு. 'என்ன கோபம்னு கேட்டுச் சொல்லேன்'னாரு. அப்ப என் வாயில வந்தது அதுதான். நீங்க மேடையேறினது அவளுக்குப் பிடிக்கலையாம்னேன். மறுநாளே நிறுத்திட்டாரு." அம்மா பாபினில் தொங்கிய நூலைக் கிள்ளி எறிந்தாள். "அப்புறமும் நீ பேசல. அடுத்த வாரம் மறுபடி கேட்டாரு. 'நான் நிறுத்திட்டேன்னு அவகிட்டச் சொன்னியா?'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லிட்டேன்னேன்."

மூத்தவள் துணி வெட்டும் மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு, இப்பக் கோபம் ஆறியிருக்கும்னுதான் அந்த மின்விசிறியைத் தூக்கிட்டு வந்தாரு. திரும்பி வந்து, 'உள்ள வேலையா இருந்தா போல'ன்னாரு. அதுக்கப்புறம் கேக்கறதை விட்டுட்டாரு" என்றாள் அம்மா.

"பாவிம்மா நீ."

"ஆமா."

"அவர் சொன்னது உன் சீட்டுன்னு அவருக்குத் தெரியுமா?"

"கேக்கல. ஒரு நாளும் கேக்கல. அன்னைக்கு நாடகம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தட்டு எடுத்து வெச்சாரு. கல்யாணம் ஆனதிலேர்ந்து அவர் எனக்குத் தட்டு வெச்சதில்ல. 'சாப்பிடு'ன்னாரு. அவ்வளவுதான்."

கதவை யாரோ தட்டினார்கள். வண்டிக்காரர் போன் பண்ணினாராம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாராம். "சரி" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அம்மா அவளை நோக்கி ஒரு எட்டு எடுத்து வைத்தாள். மூத்தவள் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

முன்னறையில் நாடகக்காரர்கள் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். மூத்தவள் நேராகத் தபால்காரரிடம் போனாள்.

"சொல்லுங்க" என்றாள்.

அவருக்குக் காதில் விழவில்லை. அவள் நல்ல காதுப் பக்கம் போய் இன்னொரு தரம் சொன்னாள். "அப்பா சீட்டைச் சொல்லுங்க. நான் அன்னைக்குக் கேக்கல."

அவர் நாடகக்காரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா தையல் அறைப் பக்கம் பார்த்தார். அம்மா வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், அப்பாவின் தலைமாட்டில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று இந்த முறை சொல்லவில்லை. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

"அம்மா பக்கத்துல போய் உட்காருடி" என்றாள் அத்தை.

மூத்தவள் அப்பாவின் காலடியிலேயே நின்றாள்.

தபால்காரர் அறையின் நடுவுக்கு வந்தார். அவர் நல்ல நடிகர் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், பிறகு தொங்கவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அதே குரலில், தெருமுனைக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"சின்னவ போயிட்டா. ரெண்டு நாளாத் தேடிட்டு இருக்கோம். நான் சேத்துக்குள்ள கையை விட்டுத் துழாவிட்டு இருக்கேன். துணி மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா உயிரே நின்னுபோகுது. அந்த நேரத்துல எனக்கு ஒரு நினைப்பு வருது. நல்லவேளை, மூத்தவ ஊர்ல இல்ல."

இங்கே அவர் மறந்துவிட்டார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நாடகக்காரம்மா மெதுவாக, "பத்திரமா இருக்கா" என்று எடுத்துக்கொடுத்தார்.

"பத்திரமா இருக்கா. ஒருத்தி பத்திரமா இருக்கா. சேத்துக்குள்ள கை இருக்கும்போதே எனக்குச் சந்தோஷம் வந்துடுச்சு. ஒரு நிமிஷம் இருக்கும். வெட்கம் கெட்ட சந்தோஷம். தங்கச்சியத் தேடுற நேரத்துல உன்னை நினைச்சுச் சந்தோஷப்பட்டேன்னு எந்த அப்பன் பொண்ணுகிட்டச் சொல்லுவான்? அதனால சொல்லல. போன் பண்ணினா மோட்டாரைப் பத்திப் பேசறேன்."

வாசலில் நின்ற எதிர்க்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால்காரர் பழக்கதோஷத்தில் குனிந்து வணங்கினார். செத்த வீடு என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது போல, அவசரமாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வெளியே வண்டி பின்பக்கமாகத் தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டது. யாரோ "வரலாம், வரலாம்" என்று வழி சொன்னார்கள்.

மூத்தவள் உட்காரவில்லை.

"முடிஞ்சுதும்மா" என்றார் தபால்காரர்.

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, அடுத்த வரிக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.